அப்பாவோட பீட் வழியா ராமேஸ்வரத்துக்கு

முதல் நாள், தாம்பரம், ராத்திரி

வண்டி ஏறியாச்சு. அம்மாவுக்கு லோயர் பெர்த், எனக்கு மிடில். தம்பி மதுரைல இருக்கான், விடியக்காலைல மானாமதுரைல வந்து ஏறிக்கிறேன்னு சொல்லிருக்கான். அப்பா போயி இந்த ஆவணியோட ஒரு வருஷம். தலைத்திதிய ராமேஸ்வரத்துலதான் குடுக்கணும்னு அம்மா ஆறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அதுவும் கார் வேணாம், பஸ் வேணாம், ரயில்லதான் போகணும், பாம்பன் புதுப்பாலத்து மேலதான் போகணும்னு ஒரே பிடிவாதம். ஏன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும்.

அப்பா ரயில்வேல கீமேன். இந்த வேலை என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது, அதனால சொல்றேன். காலைல சுத்தியல், ஸ்பேனர், பச்சைக்கொடி, செவப்புக்கொடி, டெட்டனேட்டர் (ஆபத்துன்னா தண்டவாளத்துல வச்சு, வெடிச்சத்தத்தால வண்டிய எச்சரிக்கிறது) டப்பா எல்லாத்தையும் தோள்ல மாட்டிக்கிட்டு தனக்குன்னு ஒதுக்கின ஆறேழு கிலோமீட்டர் தண்டவாளத்த நடந்தே பாக்கணும், அதுக்குப் பேருதான் பீட். போகும்போது ஒரு பக்கத்து ரயில், திரும்பி வரும்போது இன்னொரு பக்கம். தண்டவாளத்த கீழ இருக்குற ஸ்லீப்பர் கட்டையோட புடிச்சு வைக்கிற கீ லூசா இருந்தா அடிச்சு இறுக்கணும், போல்ட் தளர்ந்திருந்தா முடுக்கணும், கீறல் விட்டிருந்தா வர்ற வண்டிய நிறுத்தணும். வெயிலா மழையா கடல்காத்தா எல்லாம் கணக்கு இல்ல. 1981-ல தண்டவாளத்தப் பராமரிக்கிற குழுவுல கேங்மேனா சேர்ந்தவர் 2016-ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன்னு இந்த ஒரே கோட்டுல நடந்தே காலத்த முடிச்சார்.

நாங்க வர்ற வண்டிக்கு இன்னமும் போட் மெயில்னுதான் பேரு. ஒரு காலத்துல எழும்பூர்ல ஏறி தனுஷ்கோடில இறங்கி, அங்கருந்து கப்பல்ல தலைமன்னார், அங்க நிக்கிற இன்னொரு ரயில்ல கொழும்பு, எல்லாம் ஒரே டிக்கெட்ல போயிருக்காங்க. அப்பா இதச் சொல்லும்போது தானே அந்தக் கப்பல ஓட்டின மாதிரி ஒரு பெருமை இருக்கும் அவர் மூஞ்சில.

பையில வேட்டி துண்டு, எள்ளுப் பொட்டலம், அம்மாவோட சுகர் மாத்திரை. அடில கை விட்டா ஒரு பாட்டில். பச்ச மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டில், மேல மார்க்கர்ல நான் போட்ட கோடு. அம்மாதான் எடுத்து வச்சிருக்கு.

அது அப்பாவோட ஒரு நாள் தண்ணி. கிட்னி கெட்டுப்போயி டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு யூரின் கொஞ்சங்கொஞ்சமா நின்னுரும், குடிக்கிறதெல்லாம் உடம்புலயே தங்கும், கால் வீங்கும், அப்புறம் நுரையீரல்ல கோக்கும், படுத்தா மூச்சு முட்டும். அதனால அப்பாவுக்கு டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். காலைல இந்தப் பாட்டில ரொப்பி வச்சிருவேன். ஒரு டம்ளர் காபி குடிச்சா அதே டம்ளர்ல இதுல இருந்து தண்ணி எடுத்துக் கீழ ஊத்திருவேன். ரசம் ஊத்திச் சாப்பிட்டா அதுக்கு ஒரு கரண்டி. மாத்திரைக்கு இவ்வளவு. சாயங்காலம் பாட்டில்ல என்ன மிச்சமோ அதான் ராத்திரிக்கு. நாலு வருஷம் இப்படி என் கையால அளந்து ஊத்தினேன்.

அம்மா தூங்கிருச்சு. செங்கல்பட்டு வருது. நாளைக்கு எழுதுறேன்.

ரெண்டாம் நாள், வண்டிலயும் ராமேஸ்வரத்துலயும்

மானாமதுரைல தம்பி ஏறினான், கைல மூணு டீயோட. இந்த ஊரு மண்ணுலதான் கச்சேரிக்கு வாசிக்கிற கடம் செய்றாங்க. சின்ன வயசுல அப்பா என்னை அந்தச் சூளைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு பானைய விரலால தட்டிக் காட்டினார். "நல்லா வெந்த பானை ணங்குன்னு சொல்லும், வேகாதது டொக்குன்னு சொல்லும். நம்ம கீயும் அப்படித்தான், இறுகினது ணங்குங்கும், லூசு டொக்குங்கும்." அவருக்கு எல்லாமே தண்டவாளத்துலதான் போயி முடியும்.

பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டிருச்சு. வெளிய பனையும் சீமைக்கருவேலமும்தான், வெளிச்சம் வந்துக்கிட்டு இருந்துச்சு. உச்சிப்புளி கிட்ட வர்றப்ப நான் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் வந்துட்டேன். இங்க ஒரு விஷயம் இருக்கு.

பதினொண்ணு பன்னெண்டு படிக்கிறப்ப எங்க குவார்ட்டர்ஸ் மண்டபத்துல. ஸ்கூல் ராமநாதபுரத்துல. காலைல பாசஞ்சர்ல போயிட்டு சாயங்காலம் வருவேன். அப்பாவுக்கு அப்ப உச்சிப்புளிப் பக்கம் பீட். தினமும் எங்கயாவது ஒரு எடத்துல தண்டவாளத்த விட்டு ஒதுங்கி, தோள்ல சுத்தியலோட, பச்சைக்கொடிய நீட்டிக்கிட்டு நின்னுட்டு இருப்பார். நான் கதவுப் பக்கமா வந்து நின்னு கைய ஆட்டுவேன், கூட வர்ற புள்ளைங்க எல்லாம் உங்கப்பாடி உங்கப்பாடின்னு கத்துவாங்க. அவர் ஒரு நாள்கூட நிமிந்து என்னைப் பாத்தது கிடையாது. கண்ணு கீழயே இருக்கும். ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட கைய அசைக்கல. எனக்கு அவ்வளவு கோவம், அழுகை. காக்கிச் சட்டையும் கிழிஞ்ச செருப்புமா நிக்கிறோம்னு புள்ளைய நெனச்சுக் கூச்சப்படுறாரோன்னுகூட நெனச்சேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். தட்டுல இருந்து தலைய நிமிராமலே சொன்னார். "வண்டி போறப்ப சக்கரத்தப் பாக்கணும் தாயி. எதாச்சும் தொங்குதா, இழுத்துட்டு வருதா, புகையுதான்னு பாத்து கார்டுக்குச் சொல்லணும். உன்னயப் பாத்தா சக்கரத்த யாரு பாக்குறது? நீ அந்தச் சக்கரத்து மேலதான உக்காந்து போற."

இன்னிக்கு உச்சிப்புளி தாண்டினதும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பொண்ணு அதே மாதிரி ஒதுங்கி நின்னுச்சு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், காது வரைக்கும் துண்டு கட்டியிருந்துச்சு. நான் ஜன்னல்ல இருந்து பாக்குறேன், அந்தப் பொண்ணு கண்ணு சக்கரத்துலயே இருக்கு. தம்பி என் தோளப் புடிச்சுக்கிட்டான்.

இன்னொண்ணும் எழுதிடுறேன், இந்த எடத்துல எழுதலைன்னா அப்புறம் எழுத மாட்டேன்.

2020 பிப்ரவரில அப்பாவுக்கு இடது கைல பிஸ்டுலா போட்டாங்க. ஆபரேஷன் பண்ணி கைல ஓடுற தமனியையும் சிரையையும் சேத்துத் தச்சு விட்டுருவாங்க. ஒன்றரை ரெண்டு மாசத்துல அந்தச் சிரை தடிச்சு கயிறு மாதிரி மேல வரும், அதுலதான் டயாலிசிஸ் ஊசி ரெண்டும் ஏத்துவாங்க, அதுவரைக்கும் கழுத்துல குழாய். அந்தக் கைல பிரஷர் பாக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, தலைக்கு வச்சுப் படுக்கக்கூடக் கூடாது. தெனமும் காலைல தச்ச எடத்துல விரல வச்சுப் பாக்கணும். உள்ள ஒரு அதிர்வு ஓடிக்கிட்டே இருக்கும், நர்ஸுங்க அத த்ரில்னு சொல்லுவாங்க. அது நின்னுச்சுன்னா அடைச்சிருச்சுன்னு அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

மொத தடவ தொட்டுப் பாத்துட்டு அப்பா சிரிச்சார். "தாயி, இங்க கைய வையி. வண்டி மண்டபத்துல இருந்து கெளம்பிருச்சு." தண்டவாளத்துல உள்ளங்கைய வச்சா வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஒரு நடுக்கம் வரும்ல, அதே நடுக்கம்னார். அன்னிலருந்து தெனமும் காலைல எங்களுக்குள்ள இதான் பேச்சு. வண்டி எங்கப்பா வருது? லேசா இருந்தா "இப்பத்தான் பரமக்குடி"ம்பார். நல்லா அடிச்சா "பாலத்துல ஏறிருச்சு"ம்பார். மொத லாக்டவுன்ல ஊரே அடைச்சுக் கெடந்தப்ப ஸ்கூட்டில பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன், போலீஸ் நிறுத்துனா சட்டைக் கைய மடிச்சு பிளாஸ்திரியக் காட்டுவார், சிலர் தொட்டுப் பாத்துட்டு பதறிப்போயி விட்ருவாங்க.

போன வருஷம் அந்தத் திங்கக்கிழமை விடியக்காலைல, டயாலிசிஸுக்குக் கெளப்பணும்னு எழுப்பப் போனேன். பழக்கத்துல மொதல்ல கையத்தான் தொட்டேன்.

மண்டபம் வந்துச்சு. அம்மா சேலைய சரி பண்ணிக்கிட்டு ஜன்னலோரம் வந்து உக்காந்துச்சு. பழைய பாலம் 1914-ல தொறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், கப்பல் போறதுக்கு நடுவுல ரெண்டு பக்கமும் கைய விரிக்கிற மாதிரி தொறக்கும், அதையும் ஆளுங்க நின்னு லீவர் தள்ளித்தான் தொறக்கணும். 2007-ல பிராட்கேஜ், அதாவது அகலப்பாதை ஆனதுக்கு அப்புறமும் வண்டி ஊர்ந்துதான் போகும், காத்து 58 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டிட்டா சிக்னல் விழாது. கடைசி பத்துப் பன்னெண்டு வருஷம் அப்பாவுக்கு இந்தப் பாலத்துலதான் வேலை. உப்புக்காத்துல இரும்பு அப்படி அரிக்கும், இன்னிக்கு கிரீஸ் வச்ச போல்ட் அடுத்த மாசம் துருவா நிக்கும்பார். 2022 டிசம்பர்ல இந்தப் பாலத்துல ரயில நிறுத்தினாங்கன்னு நியூஸ் வந்தப்ப அப்பா மெஷின்ல படுத்திருந்தார், நான்தான் போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், புதுப்பாலம் தொறந்ததும் ஒரு தடவ போயிட்டு வந்துருவோம் தாயின்னார். எப்படிப் போறது? திங்க, புதன், வெள்ளி மெஷின். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். போயி வர்ற ஊருல டயாலிசிஸுக்கு முன்கூட்டியே எடம் சொல்லி வைக்கணும், நடுவுல எதாவது ஆயிட்டான்னு பயம். போலாம்ப்பா போலாம்ப்பான்னு சொல்லியே நான் நாளக் கடத்தினேன். புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6 தொறந்தாங்க. அப்பா போயி ஏழெட்டு மாசம் ஆயிருந்துச்சு.

வண்டி புதுப்பாலத்துல ஏறுச்சு. நடுவுல தூக்குற பாகம் 72.5 மீட்டர், லிப்ட் மாதிரி அப்படியே நேரா மேல போகும், மோட்டார்ல. பக்கத்துலயே பழைய பாலம் துருப்புடிச்சு சும்மா நிக்குது. தண்ணி ரெண்டு பக்கமும் பச்சையும் நீலமுமா கெடக்கு. பெட்டில எல்லாரும் வீடியோ எடுக்குறாங்க. அம்மா கேட்டுச்சு, "அவுக நடந்தது எதுல?" தம்பி கைய நீட்டினான். அம்மா அதையே பாத்துக்கிட்டு வந்துச்சு, கும்பிடல, அழுகல. பாம்பன் வந்ததும், "இம்புட்டு நீளத்தையா தெனமும் நடந்தாக"ன்னு மட்டும் கேட்டுச்சு. அம்மா எத்தனையோ தடவ இந்தப் பாலத்துல ரயில்ல போயிருக்கு.

லாட்ஜ்ல வந்து படுத்தோம். சாயங்காலம் கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தோம். நாளைக்குத்தான் திதி.

மூணாம் நாள், அக்னி தீர்த்தம்

அஞ்சரைக்கெல்லாம் கடற்கரை. கூட்டம்னா கூட்டம், ஹிந்தி, தெலுங்கு, மராத்தி எல்லாம் காதுல விழுது. இந்தக் கடல்ல அலையே இருக்காது, குளம் மாதிரி கெடக்கும். சூரியன் வந்துச்சு.

இத எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஞாயித்துக்கிழமைய எழுதணும். வெள்ளிக்கிழமை மெஷின் முடிஞ்சா அடுத்தது திங்கக்கிழமை. சனி, ஞாயிறு ரெண்டு நாளு தண்ணி உள்ளயே தங்கும், பொட்டாசியம் ஏறும், இருதயத்துக்கு ரொம்ப கஷ்டமான நேரம் அந்த இடைவெளியோட கடைசிதான்னு எல்லாம் முடிஞ்ச பிறகு டாக்டர் சொன்னார். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பதரை இருக்கும். பாட்டில் காலி. அப்பா கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "ஒரு வாய் மட்டும் குடு தாயி, நாக்கு ஒட்டுது"ன்னார். அவர் கேக்குற ஆளே கெடையாது. நாலு வருஷத்துல வாய் விட்டுக் கேட்டது அஞ்சாறு தடவ இருக்கும். நான் பாட்டிலத் தூக்கிக் காட்டினேன். "அளவு முடிஞ்சுதுப்பா, நாளைக்குக் காலைல மெஷின் இருக்குல்ல"ன்னுட்டு பிரிட்ஜ்ல இருந்து ஒரு ஐஸ்கட்டி எடுத்துக் குடுத்தேன். அத வாய்ல போட்டுக்கிட்டு சரின்னு தலைய ஆட்டினார். அவ்வளவுதான்.

ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மான்னு அதே டாக்டர் சொன்னார். குடுக்காததாலயும் ஒண்ணும் ஆகல, அது தண்ணியால இல்ல, இருதயம்னார். தெரியுது. ஆனா ராத்திரி தண்ணி டம்ளரத் தூக்கும்போதெல்லாம் அந்த பாட்டிலத் தூக்கிக் காட்டினேனே, அந்தக் கைதான் ஞாபகம் வருது.

அய்யருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். தம்பிக்கு தர்ப்பைல மோதிரம் போட்டு விட்டு மூணு தலைமுறை பேரு கேட்டார். அப்பா பேரு, தாத்தா பேரு சொல்லிட்டான், பூட்டன் பேருக்கு முழிச்சான், பின்னாடி இருந்து அம்மா சொல்லுச்சு. சோத்த உருட்டி பிண்டம் வச்சார். எள்ளக் கைல வச்சு தண்ணி ஊத்தி கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவால விடச் சொன்னார், அப்பா பேரச் சொல்லி மூணு தடவ. "அவருக்குத் தாகம் தீரணும்னு நெனச்சுண்டு விடுங்கோ"ன்னார்.

அவர் எல்லாருக்கும் சொல்ற வார்த்தைதான். எனக்குத் தாங்கல. நான் பின்னாடி உக்காந்திருந்தவ எந்திரிச்சு வந்து, சாமி நானும் விடலாமான்னு கேட்டுட்டேன். தம்பி திரும்பிப் பாத்தான். அய்யர் என்னையும் பாத்தார், அம்மாவையும் பாத்தார். "உன் தோப்பனார்தானே, வாம்மா"ன்னு தம்பிய நகரச் சொல்லி எடம் குடுத்தார். எள்ள வச்சு தண்ணி ஊத்தினார். மூணு தடவ முடிஞ்சும் நான் கைய எடுக்கல. அவரும் நிறுத்தச் சொல்லல, செம்புல இருக்குறது முடியற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தார், தம்பி இன்னொரு செம்பு மொண்டு வந்தான்.

பிண்டத்தக் கடல்ல கரைச்சுட்டு மூணு பேரும் முங்கினோம். அப்புறம் ஈரத்துணியோட கோயிலுக்குள்ள, இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு கெணத்து மேலயும் ஆளு நின்னு வாளி விட்டு எறைச்சுத் தலைல ஊத்துறாங்க. சுத்தி உப்புக்கடல், உள்ள எறைக்கிறது நல்ல தண்ணி, ஒரு கெணத்துத் தண்ணி ருசி இன்னொண்ணுல இல்ல. வெளிப்பிரகாரம் ஈரமும் குளிருமா நீளமா போயிக்கிட்டே இருக்கு, 1212 தூணாம். அம்மாவுக்கு வழுக்கும்னு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கை புடிச்சுக்கிட்டோம். கடைசி கோடி தீர்த்தத்துல ஊத்தினவர் வாளில மிச்சம் இருந்ததையும் அம்மா தலைலயே கவுத்தினார்.

பாட்டிலக் கடல்ல விட்றலாமான்னு தம்பி கேட்டான். அம்மாதான் வேணாம்னுச்சு. "கடல்ல பிளாஸ்டிக்கப் போட்டா அவுக வைவாக."

நாலாம் நாள், தனுஷ்கோடி, அப்புறம் மண்டபம்

காலைல ஆட்டோ வச்சுக்கிட்டு தனுஷ்கோடி. இப்ப அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு. இடிஞ்ச சர்ச், ஸ்டேஷன் சுவர், கடைங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் வண்டி அப்படியே கடலோட போச்சு, உள்ள இருந்தவங்க ஒருத்தரும் மிஞ்சல. பாம்பன் பாலத்து கர்டர், அதான் தூணுக்குத் தூணு கெடக்குற இரும்பு உத்திரம், பெரும்பாலும் அடிச்சுட்டுப் போயிருச்சு. அப்ப அப்பாவுக்கு எட்டு வயசு. தாத்தா பாலத்துல கூலி வேலைக்குப் போனார், கடலுக்குள்ள கெடந்த கர்டர மீனவங்க காட்டிக் குடுக்க, தேடித் தூக்கி, 46 நாள்ல வண்டிய ஓட விட்டாங்க. அந்த வேலைய நடத்தினவர் பின்னாடி கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு போட்ட ஸ்ரீதரன். தாத்தா அந்தக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் அப்பாவுக்கு ரயில்வே மேல அந்தப் பைத்தியம். அங்க அதிக நேரம் நிக்கல, அம்மாவுக்கு வெயில் ஆகல.

மத்தியானம் மண்டபம். எங்க குவார்ட்டர்ஸ் பூட்டிக் கெடக்கு, வேப்பமரம் மட்டும் இருக்கு. அப்பாவோட கேங்குக்குத் தலைவரா, மேட்டா இருந்த மாமா வீட்டுக்குப் போனோம். எழுபது தாண்டிருச்சு, ஒரு கண்ணு சரியாத் தெரியல, அம்மா குரலக் கேட்டதும் "யாரு, தங்கச்சியா"ன்னு எந்திரிச்சுட்டார். அத்தை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தாங்க. அந்த வாசனை வந்ததும் நாங்க மூணு பேருமே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்பா உயிரையே விடுவார் இதுக்கு. டயாலிசிஸ் ஆரம்பிச்ச நாள்லருந்து கருவாடு கெடையாது, ஊறுகா கெடையாது, உப்பு ஏறினா தாகம் எடுக்கும். எளநி கூடாது, வாழப்பழம் கூடாது, காய நறுக்கி நிறைய தண்ணில வேக வச்சு அந்தத் தண்ணியக் கொட்டிட்டுத்தான் சமைக்கணும். கடலோரத்துலயே பொறந்து வளந்த மனுசன் நாலு வருஷம் சக்கக் காய்தான் தின்னார். குறை சொன்னதே இல்ல, சாப்பிட்டு எந்திரிக்கும்போது நல்லா இருக்கு தாயின்னு சொல்லாம எந்திரிச்சதும் இல்ல.

என் கிட்னிய எடுத்துக்கோங்கப்பான்னு நான் ஒரு தடவ சண்டை போட்டேன். அம்மாவுக்கு சுகர், தம்பிக்கு ரத்தக்கொதிப்பு, நான்தான் மிச்சம். டெஸ்ட் எடுக்கவே விடல. "ரெண்டு புள்ள பெத்தவ. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சில படுத்திருப்பேன்?" அதோட பேச்ச முடிச்சுட்டார்.

மாமா சொன்னது ஒண்ணு எங்களுக்குத் தெரியாதது. பாலத்துல வேலைன்னா நாள் பூரா குடிதண்ணி கெடையாது, கீழ பூராவும் கடல். ஆளாளுக்கு கொண்டு போறது பத்து மணிக்கெல்லாம் தீந்துரும். அப்பா மட்டும் சுத்தியல், ஸ்பேனரோட ஒரு பெரிய தூக்குவாளி நிறைய தண்ணியும் தூக்கிட்டு வருவாராம், கட்டைக்கு கட்டை தாண்டி, காத்துல, ஒரு கைல. கேங்ல எல்லாருக்கும் ஊத்திட்டு கடைசியா அடில இருக்குறத அவர் குடிப்பாராம். "உங்கப்பன் வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. ஒரு நாளு அவன் லீவுன்னா அன்னிக்கு நாக்குத் தள்ளிரும்"னார்.

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தட்டுல கை வச்சது வச்சபடி, "தாயி, ஒன்னு சொல்லணும், ரொம்ப நாளா உள்ளயே கெடக்கு"ன்னார். முட்டி வலி, இடுப்பு வலின்னு கேங்ல எல்லாருக்கும் இருக்கும். மெடிக்கல்ல வலி மாத்திரை அட்டை வாங்கிப் போட்டுட்டு வேலைக்கு எறங்கிருவாங்க. "அந்த மாத்திரைய உங்கப்பனுக்கு மொதல்ல குடுத்தது நாந்தான். தெனமும் ரெண்டு போடுவான், வருஷக் கணக்கா. அதான் கிட்னிய அரிச்சிருச்சுன்னு இங்க டாக்டர் சொல்லவும் எனக்கு..." அதுக்கு மேல பேச முடியல அவரால.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு நிமிஷம் கோவம் வந்தது நெசம். அம்மாதான் சொல்லுச்சு. "அவுகளுக்கு சுகரும் இருந்துச்சுண்ணே, பிரஷரும் இருந்துச்சு. எதுன்னு நம்ம கண்டோமா. நீங்க வலி தாங்காதுன்னுதான குடுத்தீக. சாப்பிடுங்க." அத்தைகிட்ட கரண்டிய வாங்கி அம்மாவே அவருக்குக் குழம்பு ஊத்துச்சு.

படிக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். வீட்டுல சுகர், பிரஷர் இருக்குற பெரியவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்துல கிரியேட்டினினும் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு) யூரின்ல புரோட்டீனும் பாத்துருங்க. வலி மாத்திரைய டாக்டர் சொல்லாம தொடர்ந்து போட விடாதீங்க. அப்பாவுக்கு யூரின் ரெண்டு வருஷமா நுரையா போயிருக்கு, சாயங்காலம் கால் வீங்கியிருக்கு, நின்னு நின்னு வேலை பாத்த காலுன்னு நாங்க நெனச்சோம். கண்டுபுடிச்ச அன்னிக்கு கிரியேட்டினின் 7.8. அப்ப ரொம்ப லேட்.

கெளம்பும்போது மாமா வாசல் வரைக்கும் வந்தார். தூரத்துல ஒரு வண்டி பாலத்துப் பக்கம் போற சத்தம். காதக் குடுத்துக் கேட்டுட்டு, சரியாத்தான் போகுதுன்னார்.

அஞ்சாம் நாள், ராமேஸ்வரம் ஸ்டேஷன், ராத்திரி

தம்பி மத்தியானமே மதுரைக்குக் கெளம்பிட்டான், நாளைக்கு ஷிப்ட். நானும் அம்மாவும் ராத்திரி வண்டிக்கு பிளாட்பாரத்துல உக்காந்திருக்கோம். காலைல கோயிலுக்கு இன்னொரு தடவ போனதோட சரி, வேற எங்கயும் போகல. அத்தை குடுத்து விட்ட நெத்திலி பேப்பர் சுத்தி பைல இருக்கு, பெட்டியே நாறப் போகுது.

அம்மா தாகமா இருக்குன்னுச்சு. கடைல வாங்கிட்டு வரேன்னு எந்திரிச்சேன். வேணாம்னுட்டு பைல கைய விட்டு அந்தப் பச்ச மூடி பாட்டில எடுத்துக் குடுத்து, புடிச்சுட்டு வான்னுச்சு. பிளாட்பாரத்துக் குழாய்ல கழுவி, விளிம்பு வரைக்கும் ரொப்பிக் கொண்டு வந்து குடுத்தேன். அம்மா அண்ணாந்து குடிச்சுச்சு, நிறுத்தி மூச்சு விட்டுச்சு, மறுபடி குடிச்சுச்சு. காலை மாத்திரைக் கோடு, மத்தியானக் கோடு, எல்லாம் தாண்டிருச்சு. அப்புறம் என்கிட்ட நீட்டி, "நீயும் குடி"ன்னுச்சு.

வண்டி பிளாட்பாரத்துக்கு வருது.